அலாரம் அடிக்கவில்லை, ஆகவே உருகவில்லை

மனித மூளை எதை மறக்கிறது, எப்போது மறக்கிறது, ஏன் மறக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகவே அந்த நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தொடங்கியதும் முதல் வேலையாக ஒரு விழா நடத்தினார்கள். அந்த விழா நன்றாக நடந்ததைப் பாராட்டி இன்னொரு விழா நடந்தது. நடுநடுவே நேரம் கிடைத்தபோது ஆராய்ச்சியும் நடந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று நாளைக்கு யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

அந்த ஆராய்ச்சி நடத்தியவர்களில் ஒருவர் உயிர்வேதியியல் படித்த பெண்மணி. யாருக்கும் ஒரு தலைவலி மாத்திரைகூடக் கொடுத்தவரில்லை. ஆனாலும் வாசல் காவலாளியிலிருந்து இயக்குநர்வரை எல்லோரும் அவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

டாக்டரம்மா பார்த்த வேலை இதுதான். அல்சைமர் நோய் வந்தவர்களின் மூளையில் சில புரதங்கள் மடிப்பு தவறிப்போகின்றன. தவறியது சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் ஒழுங்காக இருப்பதையும் இழுத்துக் கெடுத்து, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. இந்தச் சேட்டையின் தடயம் முதுகுத்தண்டில் ஓடும் நீரிலும் தெரியும். அந்த நீரை எடுத்து, புரதம் எந்தக் கட்டத்தில் எப்படி மாறுகிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி தையல்காரர். மடிப்பு என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப அதைப் பிரிச்சு மறுபடி அயர்ன் பண்ணிட முடியாதாக்கா?"

"அதைத்தான்டா தேடிட்டிருக்கோம்."

"தேடுங்க, தேடுங்க. அதுக்குள்ள அம்மா என்னையே யாருன்னு கேட்டுடுவாங்க."

அம்மா தம்பியின் வீட்டில்தான் இருந்தார். வேலை பார்த்த காலத்தில் அவர் டெலிபோன் ஆபரேட்டர். ஊரில் பாதிப் பேருடைய எண் அவருக்கு மனப்பாடம். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்வார், எண்ணைச் சொன்னால் அந்த வீட்டில் யாருக்கு யாரோடு சண்டை என்பதையும் சேர்த்துச் சொல்வார். டாக்டரம்மாவின் ஆராய்ச்சி தொடங்கியபோது, நோய் இல்லாதவர்களின் முதுகுத்தண்டு நீரும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்பட்டது. முதுகில் நீள ஊசி என்றதும் ஒருவரும் முன்வரவில்லை. வேறு வழி? பெற்ற தாய் இருக்கிறாரே.

"எனக்கு ஊசின்னாலே ஆகாதுன்னு உனக்குத் தெரியும்ல?" என்றார் அம்மா.

"ஒரே ஒரு தடவைம்மா."

ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மகளின் கையை நெரித்தபடி அம்மா அந்த ஊசியைத் தாங்கினார். பிறகு தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் கிடந்தார். அடுத்த வருடமும் மகள் வந்து நின்றார். இந்த ஒரு தடவைம்மா. அதற்கடுத்த வருடமும் அந்த ஒரு தடவை வந்தது. அம்மா ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றார், ஒவ்வொரு முறையும் படுத்தார்.

அப்புறம்தான் அம்மா தொலைபேசியை எடுத்து எண்ணைச் சுழற்றிவிட்டு, எதிர்முனையிடம் "நான் யாருக்குப் போட்டேன்?" என்று கேட்க ஆரம்பித்தார்.

டாக்டரம்மா மகளாக உட்கார்ந்து அழுதார். கண்ணைத் துடைத்ததும் அவருக்குள் இருந்த இன்னொருத்தி எழுந்து உட்கார்ந்தாள். ஒரே ஆளிடமிருந்து நோய் வருவதற்கு முன்னால் எடுத்தது, வரும்போது எடுத்தது என்று வரிசையாக மாதிரிகள் யாரிடம் இருக்கின்றன? அவரிடம் மட்டும்தான். அந்த நினைப்பு வந்ததும் மனசு துள்ளியது. துள்ளியதை அவர் தம்பியிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது?

மாதிரிகள் எல்லாம் சின்னச் சின்னக் குழாய்களில், மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டி ஒன்றில் இருந்தன. பெட்டி முதலில் ஆய்வகத்துக்குள்தான் இருந்தது. ஆனால் விழாக்களில் கிடைத்த கேடயங்களை வைக்க இடம் போதாமல் போனதால், ஆய்வகத்தில் பாதியைக் கேடய அறையாக்கி, பெட்டியை அரங்கத்தின் பக்கவாட்டு நடைபாதைக்குத் தள்ளிவிட்டார்கள். கேடயங்களுக்கு ஏசி போட்டார்கள். தூசி படியக் கூடாதல்லவா.

அந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சூடு ஏறினால் கத்தும். ஒருமுறை இயக்குநர் பேசிக்கொண்டிருக்கும்போது கத்தி, சிறப்பு விருந்தினர் அதைப் பேச்சு முடிந்ததற்கான மணி என்று நினைத்து எழுந்து கைதட்ட, அரங்கமே எழுந்து தட்டிவிட்டது. இயக்குநருக்கு இன்னும் பாதிப் பேச்சு பாக்கி இருந்தது. அவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். பெரியவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சுற்றறிக்கை வந்தது: விழா நேரங்களில் நிறுவனத்தின் கருவிகள் அனைத்தும் அமைதி காக்க வேண்டும்.

அந்த வருட ஆண்டு விழா அன்று டாக்டரம்மா நடைபாதையில் வந்துகொண்டிருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நிர்வாக அதிகாரியும் மின்பணியாளரும் நின்றிருந்தார்கள். நிர்வாக அதிகாரிக்கு நிர்வாகம் என்றே பெயர். அவர் ஒருபோதும் 'நான்' என்று சொன்னதில்லை.

"மேடை விளக்குக்கு லைன் போதலையாம் டாக்டரம்மா. இந்த ஒரு பிளக்தான் பவர் தாங்குமாம். விழா முடியுற வரைக்கும் இதை எடுத்துக்கலாமான்னு நிர்வாகம் யோசிக்குது."

"இது உறைபெட்டி சார்!"

"பெட்டிக்குள்ள குளிர் இருக்கும்ல? உடனே எங்க ஓடிப் போகப்போகுது? அந்த அலாரத்தையும் அமர்த்திடுங்க, சுற்றறிக்கை இருக்கு. அப்புறம்..." நிர்வாகம் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு மேடையில உங்க பேரைச் சொல்லப்போறார் பெரியவர். புதுப் பிரிவுக்கு நீங்கதான் தலைவர். நிர்வாகம் சொன்னதா வெளிய சொல்லாதீங்க."

டாக்டரம்மா பெட்டியைப் பார்த்தார். மேடைப் பக்கம் பார்த்தார். விழா முடிந்ததும் நாமே வந்து சொருகிவிட்டால் ஆயிற்று என்று நினைத்தார். அலாரத்தைத் தன் கையாலேயே அமர்த்தினார். மின்பணியாளர் பிளக்கைப் பிடுங்கினார்.

பெரியவர் அன்றைக்கு அருமையாகப் பேசினார். "மறதி நம்ம எதிரி! இந்த நிறுவனத்துல மறதிக்கு இடமில்லை! போன வருஷம் இதே மேடையில ஒரு முக்கியமான வாக்குறுதி கொடுத்தேன். அது என்னன்னு..." என்று நிறுத்தி, பின்னால் திரும்பி நிர்வாகத்தைப் பார்த்தார். நிர்வாகத்துக்கும் தெரியவில்லை. "அது உங்க எல்லாருக்கும் தெரியும்!" என்று முடித்தார். ஒரே கைதட்டல். டாக்டரம்மாவின் பெயரைச் சொன்னார். கேடயம் கொடுத்தார். பிறகு விருந்து, போட்டோ, வாழ்த்து. டாக்டரம்மா கேடயத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாளிலிருந்து விடுமுறை. டாக்டரம்மா தம்பி வீட்டுக்குப் போய்க் கேடயத்தைக் காட்டினார். கிளம்பும்போது அம்மா வழக்கம்போல் வாசலுக்கு வந்தார். யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் அம்மா ஒரு கேள்வி கேட்பார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே கேட்கிற கேள்வி.

"எதையும் மறக்கலையே?"

"இல்லம்மா."

செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கும்போது மறுபடி கேட்டார். "எதையும் மறக்கலையே கண்ணு?"

"இல்லம்மா!"

தெருவில் இறங்கியதும் மூன்றாம் தடவை.

"அம்மா, மறதியெல்லாம் எனக்கில்லை!" என்று டாக்டரம்மா கத்திவிட்டார்.

உள்ளே தையல் மிஷின் சத்தம் நின்றது. தம்பி தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். அம்மா, "அது சரி" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

விடுமுறை முடிந்து டாக்டரம்மா நடைபாதைக்குள் நுழைந்தபோது தரை ஈரமாக இருந்தது. அப்போதுதான் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தார். உள்ளே குளிரே இல்லை, அலமாரிக்குள் கை விட்ட மாதிரி இருந்தது. அம்மாவின் பெயர் ஒட்டிய குழாய்களை எடுத்தார். ஒவ்வொரு வருடத்து ஒரே ஒரு தடவையும் கையில் தண்ணீராக ஆடியது.

"ஏன்யா, திருப்பிச் சொருகலையா?" என்று மின்பணியாளரிடம் கேட்டார். குரல் கிறீச்சிட்டது.

"பிடுங்கச் சொல்லித்தாம்மா ஆர்டர் போட்டாங்க. சொருகச் சொல்லி ஒரு ஆர்டரும் வரலையே. விழாக் குழு போடணும். குழுவை விழா அன்னிக்கே கலைச்சுட்டாங்க." அவர் நியாயமாகத்தான் பேசினார். "நீங்களும் அங்கதானேம்மா இருந்தீங்க?"

டாக்டரம்மா குழாய்களைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

அவர் பெரியவரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னார். பெரியவர் பதறவில்லை. விசாரணைக் குழு அமைத்தார். குழு கூடிக் குழுத் தலைவரை வாழ்த்தியது. பெட்டியைப் போய்ப் பார்த்தது. அதற்குள் பிளக்கைச் சொருகி, பெட்டி மறுபடி மைனஸ் எண்பதுக்கு வந்து, குழாய்கள் எல்லாம் கல்லாக உறைந்திருந்தன.

"உறைஞ்சுதானே இருக்கு?" என்றார் குழுத் தலைவர்.

"இப்ப உறைஞ்சிருக்கு சார். நடுவுல உருகிடுச்சு."

"உருகினா அலாரம் அடிக்கணுமே. அடிச்சதா?"

"அதை நான் அமர்த்தி வெச்சிருந்தேன்."

"அடிச்சதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"அடிக்கலை."

"தரையில தண்ணி இருந்ததுன்னு சொல்றீங்க. எங்க தண்ணி?"

"துடைச்சுட்டாங்க சார்."

"அப்ப இல்லை."

குழு ஒருமனதாக முடிவு செய்தது: அலாரம் அடிக்கவில்லை, ஆகவே உருகவில்லை. கூடவே, விழாவின்போது சுற்றறிக்கையை மதித்து அமைதி காத்ததற்காக உறைபெட்டியைப் பாராட்டி ஒரு தீர்மானமும் நிறைவேறியது. பெட்டியின் மேல் ஒரு சின்னக் கேடயத்தை ஒட்டினார்கள். வாயில்லாத ஒரு பொருளுக்கு நிறுவனம் கொடுத்த முதல் கேடயம் அதுதான். பேசாமல் இருந்ததற்காகக் கேடயம் வாங்கிய மனிதர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள்.

சரி, இதோடு விட்டார்களா? விடவில்லை. புதுப் பிரிவு தொடங்கியாயிற்று, அது ஏதாவது சாதிக்க வேண்டுமே. பெரியவர் எல்லா மாதிரிகளையும் பரிசோதனைக்குப் போடச் சொன்னார். உருகி, அறைச் சூட்டில் ஊறி, மறுபடி உறைந்த புரதம் என்ன செய்யும்? கட்டியாகும். நோயாளி, நோயில்லாதவர் என்ற பாகுபாடே இல்லாமல் எல்லாக் குழாய்களிலும் கட்டி கட்டியாக வந்தது. அம்மாவுக்கு நோயே இல்லாத காலத்தில் எடுத்த முதல் குழாயிலும் கட்டி.

பெரியவர் முடிவுகளைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "டாக்டரம்மா! நோய் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே கட்டி! உலகத்துல யாரும் பார்க்காததை நாம பார்த்திருக்கோம்!"

"சார், இது நோயால வந்ததில்லை. உருகினதால வந்தது."

"உருகலைன்னு குழு சொல்லியிருக்கே."

"நான் கண்ணால பார்த்தேன் சார்."

"கண்ணு ஏமாத்தும்மா. அறிவியல் படிச்ச நீங்க இப்படிப் பேசலாமா? குழுவுல மூணு பேராசிரியர் இருந்தாங்க." பிறகு பரிவோடு சொன்னார்: "உங்க அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. உங்க மனசு சரியில்லை. அதான் நினைவு தடுமாறுது. புரியுது."

டாக்டரம்மா தன் அறைக்கு வந்து உட்கார்ந்தார். மாதிரி உருகிக் கெட்டது என்று நிரூபிக்க ஒரு வழி இருந்தது. அம்மாவிடமிருந்து புதிதாக நீர் எடுத்து, அதைக் கடைசிக் குழாயோடு ஒப்பிட்டால் போதும். பெட்டிதான் கட்டியை உண்டாக்கியது என்று குழந்தைக்கும் புரியும். உலகம் முழுக்க ஒரு பொய் பரவாமல் தடுக்கலாம். அதற்கு ஒரு ஊசி. ஒரே ஒரு தடவை.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனார். விஷயத்தைச் சொன்னதும் தம்பி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அக்கா, நீ பெரிய படிப்பு படிச்சவ. நான் ஒண்ணும் சொல்றதில்லை. ஆனா ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்க முடியாம கிடப்பாங்களே, அப்ப பக்கத்துல உட்கார்ந்திருந்தது நான். நீ குழாயைத் தூக்கிட்டு ஆபீஸுக்கு ஓடிட்டே."

"இது கடைசிடா."

"அதையும் அம்மாகிட்டயே கேளு."

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டன்களை நிறம்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"முதுகுல ஊசியா?" அம்மாவின் முகத்தில் வெறும் ஆச்சரியம். "எனக்கு யாரும் அப்படிப் போட்டதே இல்லையே. வலிக்குமா கண்ணு?"

டாக்டரம்மா ஆமாம் என்று தலையாட்டினார்.

"உனக்கு உபயோகமா இருக்கும்னா போட்டுக்கிறேன்" என்றார் அம்மா. "நீ இதுவரைக்கும் என்கிட்ட ஒண்ணும் கேட்டதே இல்லை. ஒரே ஒரு தடவைதானே?"

இத்தனை வருடத்தில் அம்மா வேண்டாம் என்று சொல்லாதது இதுதான் முதல் முறை. டாக்டரம்மா எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் அழுதார். திரும்பி வந்து, "ஊசி வேண்டாம்மா" என்றார்.

"ஏன், நான் தாங்க மாட்டேன்னா?"

"நான் தாங்க மாட்டேன்."

ஊசி இல்லை என்றால் மிச்சமிருந்தது தன் வாய் மட்டும்தான். கண்டுபிடிப்பை அறிவிக்கும் விழா வந்தது. வெளியூர் விருந்தினர்கள், பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள். டாக்டரம்மாவைப் பேச அழைத்தார்கள். எழுதிக் கொடுத்த உரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இது கண்டுபிடிப்பு இல்லை. உறைபெட்டியோட பிளக்கை இந்த மேடை விளக்குக்காகப் பிடுங்கினோம். அலாரத்தை அமர்த்தினது நான். திருப்பிச் சொருக மறந்ததும் நான். எல்லா மாதிரியும் உருகிப்போச்சு. வலியைப் பொறுத்துக்கிட்டு நமக்குக் கொடுத்தவங்க எல்லாருக்கும் நான் துரோகம் பண்ணிட்டேன். என் அம்மாவும் அதுல ஒருத்தர்."

அரங்கம் கப்சிப் என்றாகிவிட்டது. பெரியவர் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர்.

"என்ன அடக்கம்! பார்த்தீங்களா? உலகமே திரும்பிப் பார்க்கிற சாதனை பண்ணிட்டு, தப்பு என்னுதுங்கறாங்க! மறதியோட வேதனையை நமக்கெல்லாம் புரிய வைக்கிறதுக்காகத் தானே மறந்ததா நடிச்சுக் காட்டினாங்க! இதுதான்யா அர்ப்பணிப்பு!"

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. கையில் இன்னொரு கேடயத்தைத் திணித்தார்கள்.

டாக்டரம்மா பக்கவாட்டுப் படியில் இறங்கினார். காலில் ஒரு தடித்த வயர் தட்டியது. அது மேடையிலிருந்து நடைபாதைக்குப் போனது. அதன் பின்னாலேயே போனார். உறைபெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. அதன் இடத்தில் மேடை விளக்கு. பெட்டி தன் கேடயத்தோடு அமைதி காத்துக்கொண்டிருந்தது.

ஒருவரிடமும் கேட்காமல் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பெட்டியைச் சொருகினார். அரங்கம் இருண்டது. ஒரு நொடி சலசலப்பு. பிறகு இருட்டுக்குள்ளிருந்து பெரியவரின் குரல் கேட்டது.

"இந்த இருட்டுதான் மறதி! நம்ம டாக்டரம்மாவோட ஏற்பாடு. எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா இருப்போம்!"

அந்த மௌனத்தில் டாக்டரம்மா வாசலைத் தாண்டி வெளியே போனார்.

தம்பி வீட்டில் அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தார். "ஏன் கண்ணு மூஞ்சி இப்படி இருக்கு? எதையாவது மறந்துட்டியா?"

"மறந்துட்டேம்மா."

கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஊசி, ஒரே ஒரு தடவை, அம்மா வேண்டாம் என்றது, பெட்டி, பிளக், அன்றைக்கு வாசலில் கத்தியது. தையல் மிஷின் ஓடவில்லை. தம்பியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா மகளின் தலையைத் தடவினார். "அட, இதுக்கா இப்படி? எல்லாரும் மறக்கிறதுதானே. விடு, விடு. எனக்கு ஒரு கோபமும் இல்லை."

டாக்டரம்மாவுக்கு மூச்சு சீராக வந்தது. எத்தனையோ வருடத்துப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பட்டன்களைப் பிரித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஏன் கண்ணு மூஞ்சி இப்படி இருக்கு? எதையாவது மறந்துட்டியா?"

போதும், விடு என்று தம்பி கையால் சைகை காட்டினார். ஒன்றும் இல்லம்மா என்று சொல்லிவிட்டிருக்கலாம். மன்னிப்புதான் கிடைத்துவிட்டதே, அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். நிறுவனமாக இருந்தால் அப்படித்தான் செய்திருக்கும். டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்து, முதலிலிருந்து மறுபடி சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

இந்த முறை அம்மா நடுவில் நிறுத்தினார்.

"நான் வேண்டாம்னு சொன்னேனா?"

"சொன்னீங்கம்மா."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமாம்மா."

அம்மா தன் கையை இழுத்துக்கொண்டார். நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். முதுகை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். விடு என்று சொல்லவில்லை.

டாக்டரம்மா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். அம்மா மெதுவாக வாசலுக்கு வந்து கதவைப் பிடித்தபடி நின்றார். கோபம் முகத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. எதற்கென்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

"எதையும் மறக்கலையே?"

"இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "எதையும் மறக்கலை."